பழைய இரும்பல்ல, பாட்டன் சொத்து!



உங்கள் வீட்டுக் குசினி மூலையிலோ, கட்டிலுக்கு அடியிலோ ஒரு பழைய தகரப் பெட்டி கிடக்கலாம். அதைத் திறந்து பார்த்து எத்தனை காலமாகிறது? துருவேறிய ஒரு பால் உளி, நசுங்கிய இரண்டு மங்கு, வாய் அடைத்துப் போன ஒரு கார்பைட் விளக்கு, பாதி தேய்ந்த தீட்டுக்கல் ஒன்று. இவைதாம் அதில் இருக்கும். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று சலித்துக்கொள்கிறோம். பழைய இரும்பு வாங்கும் லோரி வாசலில் வந்து நின்றதும் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். நிறுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு வெள்ளி கிடைக்கும். ஒரு வேளைத் தேநீருக்கு ஆகும்.

அப்படிக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒரு முறை படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலகில் பல நாடுகளில் தொழில் செய்து வாழ்ந்தவர்கள் தங்கள் பழைய கருவிகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். கண்ணாடி ஊதும் தொழிலாளர்கள் தாங்கள் பயன்படுத்திய தீக்குழாய்களையும் இடுக்கிகளையும் சேர்க்கிறார்கள். தச்சர்கள் இழைப்புளிகளைச் சேர்க்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தந்தையின் தலைவிளக்கைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். துருவை நீக்குகிறார்கள், உடைந்ததைச் சரிசெய்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொல்கிறார்கள். இந்த நாட்டில் ரப்பர் தொழிலைத் தோளில் சுமந்த நாம் மட்டும் நம்முடைய கருவிகளை எடைக்குப் போடுகிறோம். இது நியாயமா?

உளி பிறந்த கதை

பால்மரம் நம் நாட்டு மரமன்று என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து இறங்கின. அந்த வழியில் வந்த கன்றுகள் சில பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

மரம் வந்துவிட்டது. பாலை எப்படி எடுப்பது? அமேசான் காட்டில் சிறு கோடரியால் பட்டையைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி பட்டையோடு நிற்பதில்லை, உள்மரத்திலும் பாய்ந்துவிடும். புண் ஆறாமல் மரம் முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடும். அதன்பின் அந்த இடத்தில் பால் எடுக்க முடியாது.

1888-ல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர்தாம் இதற்கு வழி கண்டார். பட்டையைக் கொத்தக் கூடாது, மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும் என்றார். அதே வெட்டுக்கோட்டை அடுத்த முறை மறுபடியும் சிறிதளவு சீவினால் முன்னைவிட அதிகமாகப் பால் வடிவதைக் கண்டறிந்தார். தோட்டக்காரர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ரப்பர் விதையைக் கையில் திணித்து, "நடுங்கள், நடுங்கள்" என்று வற்புறுத்தினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். ஆனால் 1896-ல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பிறகு, அந்தப் பைத்தியம் நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டது! கேலிக்கு ஆளான அந்த மனிதர் நூறு வயது வரை வாழ்ந்து 1956-ல் காலமானார்.

கோடரி போய் உளி வந்தது இப்படித்தான். அந்த உளியைப் பிடிக்கத்தான் நம் பாட்டன் பாட்டிமார்கள் ஆயிரம் ஆயிரமாகக் கப்பலேறி வந்தார்கள்.

ஒரு மில்லிமீட்டர் வித்தை

பால் உளியைச் சாதாரணக் கத்தி என்று நினைத்துவிடாதீர்கள். இழுத்து வெட்டும் உளி ஒரு வகை. அதன் முனை மடங்கி, இரண்டு இறக்கைபோல் இருக்கும். தைப்பிங் பக்கத்து ஜெபோங் என்ற பெயரால் அதை அழைப்பார்கள். தச்சரின் குழியுளிபோல் முன்னே தள்ளி வெட்டுவது மற்றொரு வகை. எந்த வகையானாலும் அதன் வேலை ஒன்றுதான். பட்டையைச் சீவ வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது.

ஏன் தெரியுமா? பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக உள்ளன. அதற்கும் உள்ளே மரத்தை வளரச்செய்யும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதைக் கீறினால் மரம் புண்ணாகும். கீறக்கூடாது என்று பயந்து மேலாகச் சீவினாலோ பால் வராது. அந்தப் படலத்துக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். பாட்டியம்மா இதை அளவுகோல் வைத்தா அளந்தார்? விடியாத இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், கை உணர்ந்தபடி வெட்டினார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களில் வெட்டினார்.

வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சாய்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை; கீழே இடமிருந்து மேலே வலமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச்சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். அதிகப் பால் கிடைக்கும். நம் முன்னோர் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆனால் எழுத்தறியாத பாட்டியும் இந்தச் சாய்வை ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை.

ஒவ்வொரு தடவையும் சீவப்படும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு சாண் பட்டை தீரும். பட்டை தேயத்தேய உளியும் தேயும். மாலையில் அஞ்சடியில் உட்கார்ந்து தீட்டுக்கல்லில் உளி தீட்டும் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். நாள்தோறும் தீட்டியதால் இறக்கை குட்டையாகிப் போன உளி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது கெட்டுப்போன உளி என்று எண்ணாதீர்கள். எத்தனை வருட உழைப்பு அதில் கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் கணக்குப் புத்தகம் அது!

இருட்டை விரட்டிய விளக்கு

விடியுமுன் ஏன் காட்டுக்குப் போனார்கள்? கிராணியின் கட்டளை மட்டும் காரணமன்று. இரவில் மரம் வேரால் உறிஞ்சிய நீர் மரத்திலேயே நிறைந்து நிற்கும். அப்போது பால் குழாய்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏறி இலைகள் வழியே நீர் ஆவியாகத் தொடங்கினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே பால்மரம் சீவுகிறவருக்கு உளி ஒரு கை என்றால், விளக்கு மறு கை.

மண்ணெண்ணெய் விளக்குக்குப் பின் வந்தது கார்பைட் விளக்கு. கனடாவைச் சேர்ந்த தாமஸ் வில்சன் என்பவர் 1892-ல் அமெரிக்காவில் அலுமினியம் செய்ய முயன்றபோது எதிர்பாராமல் கிடைத்த பொருள்தான் கால்சியம் கார்பைட். சாம்பல் நிறக் கல்போல இருக்கும். அதில் நீர் பட்டால் அசிட்டிலின் என்ற வாயு வெளிப்படும். அந்த வாயு வெண்மையான ஒளியுடன் எரியும்.

விளக்கின் அமைப்பைப் பாருங்கள். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைட் கல். மேலே உள்ள சிறு பிடியைத் திருப்பினால் நீர் சொட்டுச்சொட்டாகக் கீழே விழும். எழும் வாயு ஒரு கம்பளித் துண்டைக் கடந்து, நுண்ணிய துளை உள்ள மூக்கின் வழியே வெளியே வரும். தீ வைத்தால் சுடர். அதன் பின்னால் பளபளப்பான தட்டு ஒன்று ஒளியை முன்னே தள்ளும். காற்றடித்தாலும் இலேசில் அணையாது. இரண்டு அறைகளுக்கும் நடுவே வாயு கசியாமல் தடுக்கும் வளையம் எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால்தான்! நாம் எடுத்த பால், ஆலைக்குப் போய் வளையமாகி, நம் நெற்றிக்கே திரும்பி வந்திருக்கிறது.

பிறகு மின்கல விளக்கு வந்தது. கார்பைட் விளக்கு பரணுக்குப் போனது.

மற்றக் கருவிகள்

மங்கில் எத்தனை வகை! கண்ணாடி மங்கு, மெருகிட்ட மண் மங்கு, அலுமினிய மங்கு, பின்னர் வந்த பிளாஸ்டிக் மங்கு. சிறு தோட்டக்காரர்கள் தேங்காய்ச் சிரட்டையையும் கட்டினார்கள். கண்ணாடி மங்கு இன்று கிடைப்பது அரிது. கிடைத்தால் விடாதீர்கள்.

தோளில் சுமந்த காண்டா வாளியும் கட்டையும், ஒட்டுப்பால் போடும் கூடை, மங்கைத் தாங்கிய கம்பி வளையம், பால் வடிந்து இறங்கும் சிறு தகரம், பால் உறைய வைக்கும் தட்டு, சீட்டு அழுத்தும் இரட்டை உருளை இயந்திரம் ஆகிய எல்லாமே சேர்த்து வைக்கத் தக்கவை.

ஸ்டோரில் இருந்த மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலில் நீர் கலந்து, இதை மிதக்கவிட்டால், எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதைக் கொண்டு பாலில் எத்தனை பங்கு ரப்பர் என்று சொல்லிவிடலாம். வாளியில் இருந்தது எத்தனை காலனானாலும், கணக்கில் ஏறியது அந்தக் கருவி சொன்ன ராத்தல்தான். அதனால் அந்தச் சின்னக் கருவியைச் சுற்றி நடந்த வாக்குவாதங்கள் எத்தனையோ! கிராணி கண் அளவு வைத்துப் படித்துச் சொல்ல, எழுத்துத் தெரியாத தாய்மார்கள் கைகட்டி நின்றார்கள். ஒரு மிதவைக் கருவி கையில் கிடைத்தால் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடமும் சொல்லலாம், கூலிப் பாடமும் சொல்லலாம்.

சீர்செய்வது எப்படி?

கருவியைச் சீர்செய்வது என்றால் புதிதாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. துரு மேலும் தின்னாமல் நிறுத்துவதும், உடைந்த உறுப்பைத் தாங்கி நிறுத்துவதுமே சீர்செய்தல்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பட்டணத்தில் பட்டறை வேலை செய்கிறார். பாசமுள்ள பிள்ளை. பாட்டியை மகிழ்விக்க எண்ணி, பாட்டியின் பழைய உளியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மின் சாணையில் பிடித்து, பிடியை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து வெள்ளிபோல் ஆக்கிக் கொண்டுவந்தார். பாட்டி அதை இரு கையாலும் வாங்கித் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குய்யா. ஆனா இது என் உளி இல்ல. என் கட்டைவிரல் உக்கார்ற பள்ளம் எங்க போச்சு?" என்றார். முப்பது ஆண்டு ஒரே இடத்தில் அழுத்திய கட்டைவிரல் மரப்பிடியில் உண்டாக்கிய பள்ளம் அது. பத்து நிமிட உப்புத்தாளில் போய்விட்டது.

ஆகவே முதல் விதி இது: துருவை எடுங்கள், கைத்தடத்தை எடுக்காதீர்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உளி: முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள். இரும்புப் பகுதியை மட்டும் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காலையில் பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலான துரு உதிர்ந்துவிடும். அப்படியும் போகாத துருவுக்கு, துணியைச் சமையல் காடியில் நனைத்துச் சில மணி நேரம் சுற்றி வைக்கலாம். பிறகு ஆப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காயவையுங்கள். கழுவாமல் விட்டால் காடியே இரும்பைத் தின்னும். காய்ந்ததும் தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். இரும்பில் ஊர்ப்பெயரோ முத்திரையோ பொறித்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. மின் சாணையில் பிடித்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். சேமிப்பில் வைக்கும் உளியைத் தீட்டவும் வேண்டாம். கடைசியாகத் தீட்டிய கை எதுவோ, அதன் தீட்டே அதில் இருக்கட்டும். மரப்பிடியை ஈரத்துணியால் துடைத்துத் தேன்மெழுகு தடவினால் போதும்.

கார்பைட் விளக்கு: உள்ளே கெட்டியாகிப் போன வெள்ளைச் சுண்ணாம்பு இருக்கும். வெந்நீரில் ஊறவிட்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள். மூக்கின் துளையை, அதைவிட மெல்லிய ஒற்றைக் கம்பியால் மட்டுமே குத்தலாம். பெரிய ஊசியைச் செருகினால் துளை அகன்றுவிடும். பித்தளை உடலைப் புளியால் ஒருமுறை துலக்கலாம். வாரந்தோறும் துலக்கினால் பித்தளை தேயும். இற்றுப்போன ரப்பர் வளையத்துக்குப் பதில் புதியது போடலாம். ஆனால் பழையதை எறியாமல் ஒரு காகித உறையில் போட்டு விளக்கோடு வையுங்கள்.

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். விளக்கைப் பார்வைக்குத்தான் வைக்க வேண்டும், எரிக்க வேண்டாம். பழைய விளக்கில் வாயு எங்கே கசியும் என்று சொல்ல முடியாது. அசிட்டிலின் காற்றோடு கலந்தால் சிறு பொறியும் வெடிக்கச் செய்யும். பண்டிகை நாளில் மூங்கில் பீரங்கி வெடித்து விரலையும் பார்வையையும் இழந்த பிள்ளைகளின் செய்தியைப் படித்திருக்கிறோம். பெட்டிக்குள் பழைய கார்பைட் கல் இருந்தால் அதன்மீது நீர் படவே கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

மங்கு: கண்ணாடியிலும் மண்ணிலும் ஒட்டிய பழைய பாலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விரலால் உரித்தால் தோல்போல வந்துவிடும். கொதிநீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். அலுமினிய மங்குக்குச் சோப்பு நீர் போதும். சலவைச் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். நசுங்கிய மங்கைத் தட்டி நிமிர்த்த வேண்டியதில்லை. நசுங்கியதற்கும் ஒரு கதை இருக்கும்.

உருளை இயந்திரம்: இது கனமானது, தனி ஆளாய்த் தூக்காதீர்கள். பல்சக்கரங்களில் இறுகிய பழைய கிரீசை மண்ணெண்ணெயால் இளக்கித் துடைத்து, புது கிரீஸ் இடுங்கள். பார்வைக்கு வைத்ததும் கைப்பிடியைக் கழற்றித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். குழந்தைகள் விளையாட்டாய்ச் சுற்றினால் விரல் உள்ளே போய்விடும்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. களைக்கொல்லி டின், மருந்து தெளித்த பழைய பம்பு, அமிலப் போத்தல் ஆகியவற்றை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். பாராகுவாட் மருந்தை 2020-ஆம் ஆண்டு தொடக்கம் நம் நாடு தடைசெய்துவிட்டது. ஆனால் பழைய டின்னில் ஒட்டியிருக்கும் விஷத்துக்குச் சட்டம் தெரியாது.

நோட்டுப் புத்தகம் மறக்காதீர்கள்

கருவியைத் துடைத்து வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. யாருடையது என்று தெரியாத உளி, கடையில் தொங்கும் உளிக்குச் சமம். பட்டணத்து உணவகங்கள் சிலவற்றில் பழைய மங்கும் விளக்கும் சுவர் அலங்காரமாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை யார் கையில் இருந்தவை என்று அங்கே யாரைக் கேட்பது?

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்குங்கள். கருவியின் பெயர், பயன்படுத்தியவர் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, யார் கொடுத்தது, எந்த நிலையில் கிடைத்தது, என்ன சீர்செய்தோம் என்று எட்டுக் கட்டம் போடுங்கள். கருவியில் எண் எழுதிய அட்டையை நூலால் கட்டுங்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். கருவிகளைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நம் நாட்டு ஈரக்காற்று உள்ளே அடைபட்டு மறுபடி துருவாகும். காற்றோட்டமான தட்டில், கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள்.

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. தாத்தாவிடம் உளியைக் கொடுத்து, "எப்படி வெட்டுவீங்க தாத்தா?" என்று கேளுங்கள். அவர் கை தானாக அசையும். வாயும் திறக்கும். அதைப் பதிவுசெய்யுங்கள். எத்தனை நிரை, யார் மண்டோர், பிரட்டுக்கு எத்தனை மணி, மழை நாளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் வரும். வெறுமனே "உங்க காலத்துக் கதை சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல?" என்று முடித்துவிடுவார். கருவி கையில் இருந்தால் கதை கூடவே வரும்.

ஒரு தாயின் கேள்வி

எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வீட்டில் வயதான தாய் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், இந்த உளியால எங்க அம்மா முதுகு கூனிப் போச்சு. இருட்டுல பாம்பு கடிச்சு எங்க அண்ணன் செத்தாரு. இதை வச்சு நாங்க கும்பிடணும்ங்கறீங்களா? போகட்டும் சார், கண்ணுல படாம போகட்டும்."

அந்தத் தாய் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. லயத்து வாழ்க்கையை இனிய கனவாக எழுதுவது எளிது. வாழ்ந்தவர்களுக்குத்தான் வலி தெரியும். பிள்ளைகள் உளி பிடிக்கக் கூடாது என்பதற்காகவே அவர்கள் உளி பிடித்தார்கள். அவர் கொடுக்க மறுத்தால் வற்புறுத்தவும் நமக்கு உரிமை இல்லை. அந்த வீட்டு உளியை நான் கேட்கவில்லை.

ஆனால் அன்பர்களே, வலியைச் சொல்லவும் சாட்சி வேண்டும் அல்லவா? கம்பெனிக் கணக்கேடுகளில் எத்தனை ஏக்கர், எத்தனை ராத்தல், என்ன விலை என்பதுதான் நிறைந்திருக்கும். பாம்பு கடித்தவரின் பெயரைத் தேடிப் பிடிப்பது கடினம். ரிட்லியின் பெயரும் விக்காமின் பெயரும் புத்தகத்தில் உண்டு. நாள்தோறும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டிய உங்கள் பாட்டியின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதை எழுத வேண்டியவர்கள் நாம்தாம். அந்தத் தாயிடம் உளியை விட்டுவிட்டு, அவர் அண்ணனின் பெயரை மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

காலம் காத்திருக்காது

1990-களின் தொடக்கம் வரை உலகின் இயற்கை ரப்பர் உற்பத்தியில் மலேசியாவே நீண்டகாலம் முதலிடத்தில் இருந்தது. இன்று பால்மரம் நின்ற காடுகளில் செம்பனை நிற்கிறது. மற்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. ரப்பர் ஆராய்ச்சிக்குப் பேர்போன சுங்கை பூலோ நிலத்திலேயே இன்று குவாசா டாமான்சாரா என்ற புதுநகரம் வளர்ந்து வருகிறது. தோட்டம் துண்டானதும் லயம் இடிகிறது. குடும்பங்கள் ஒரு லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போகின்றன. அங்கே காண்டா வாளிக்கு இடம் ஏது? முதலில் இறக்கிவிடப்படுவது அந்தத் தகரப் பெட்டிதான்.

முழுப் பெட்டிக்கும் இடமில்லையா? ஓர் உளியை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உளிக்கு அலமாரியில் ஒரு சாண் இடம் போதும். மீதியைத் தூக்கி எறியாமல் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியையோ, கோவில் நிர்வாகத்தையோ கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணாடி அலமாரியும் பொறுப்பான ஒருவரும் இருந்தால் போதும், பெரிய பொருட்காட்சிசாலை தேவையில்லை. கொடுக்கும்போது பெயர் எழுதிக் கொடுங்கள், வாங்கியதற்குக் கைச்சாத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசையன்று உளிக்கும் விளக்குக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து வணங்கியவர்கள் நம் முன்னோர். சோறு போட்ட கருவி என்ற நன்றி அவர்களுக்கு இருந்தது. இந்த ஆண்டு ஆயுத பூசைக்குக் கணினியும் காரும் பூசையில் இருக்கட்டும். பக்கத்திலே அந்தப் பழைய உளிக்கும் ஓர் இடம் கொடுங்கள். அது யாருடையது, எந்தக் காட்டில் வெட்டியது என்று பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லுங்கள்.

பழைய இரும்பு லோரி அடுத்த வாரமும் வரும். தாத்தாவும் பாட்டியும் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, நோட்டில் முதல் வரியை எழுதிவிடுங்கள்.